மாவு முயல் வந்த பார்வேட்டை

எங்கள் ஊர் மலையை மலை என்று சொன்னால் நீலகிரிப் பக்கம் இருப்பவர்கள் சிரிப்பார்கள். சாலவாக்கம் போகிற டவுன் பஸ்ஸில் இடது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால், ஏரிக்கரை முடிந்து நெல் வயல் தொடங்குகிற இடத்தில் தெரியும். பஸ் ஒரு வளைவு திரும்புவதற்குள் முடிந்தும் போகும். பாறையும் காரைப் புதரும் சூரை முள்ளுமாக ஒரு பெரிய மேடு. ஆனாலும் அரசாங்கக் கணக்கில் அது காப்புக்காடு. அடிவாரத்தில் வனத்துறை நட்ட எல்லைக் கல் இருக்கிறது. அந்தக் கல்லின் மேல் எப்போதும் யாராவது துணி காயப் போட்டிருப்பார்கள்.

நான் அந்த மலையடியிலேயே பிறந்து வளர்ந்தவள். இருந்தும் அதைக் கவனித்துப் பார்த்தது விலங்கியல் படித்து முடித்த பிறகுதான். கடைசி வருடம், நீலகிரிக்குக் கீழே ஒரு புலிகள் காப்பகத்தில் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலர்கள் வேண்டும் என்றார்கள். ஓடினேன். புலியைப் பார்க்கவில்லை. அதன் எச்சத்தையும் கால் தடத்தையும் மரப்பட்டையில் நகம் கீறிய இடத்தையும் பார்த்தேன். அதற்கே எனக்குத் தலைகால் புரியவில்லை. யானை போன வழியில் நடக்கும்போது எல்லோரும் தன்னால் பேச்சை நிறுத்திவிடுவார்களே, அந்த அமைதியில் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இனி எனக்கு இதுதான், வேறு எதுவும் இல்லை என்று.

காடு அப்படி உடனே என்னைக் கூப்பிட்டுவிடவில்லை. மேல்படிப்புக்கு எழுதிய நுழைவுத் தேர்வு கைவிட்டது. ஊருக்குத் திரும்பினேன். அடுத்த தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு, அப்பா பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கக் கிளம்பும் நேரத்தில் நான் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்புவேன். கௌதாரி, செம்போத்து, மயில், உடும்பு, ஒருநாள் விடியலில் நரி. எல்லாவற்றையும் போனில் பதிவேற்றினேன். காப்பகத்தில் பொறுக்கிக்கொண்டு வந்த சொற்களை எல்லாம் எங்கள் மேட்டுக்கும் மாட்டிவிட்டேன். வாழிடம் என்றேன், வழித்தடம் என்றேன். "முள்ளுக் காட்டுக்கு இத்தனை பேரா?" என்றாள் அம்மா.

எனக்கு அவசரம். ஏதாவது ஒன்றை உடனே காப்பாற்றியாக வேண்டும் என்ற அவசரம். அப்படித் தேடிக்கொண்டிருந்தபோது முயல் கிடைத்தது.

காணும் பொங்கல் அன்று எங்கள் ஊர்ப் பெருமாள் வேட்டைக்குப் போவார். பார்வேட்டை என்று பெயர். கையில் வில்லும் அம்பும் கொடுத்து, வேட்டைக்காரன் மாதிரி கொண்டை போட்டு, பல்லக்கில் மலையடி மண்டபத்துக்கு எழுந்தருளப் பண்ணுவார்கள். வேட்டை என்றால் மிருகம் வேண்டுமே. அதற்காக மலையிலிருந்து ஓர் உயிருள்ள முயலைப் பிடித்துக் கொண்டுவருவது, ஏரிக்கரையை ஒட்டி இருக்கும் இருளர் குடியிருப்பில் ஒரு குடும்பத்தின் உரிமை. அந்தக் குடும்பத்து ஆள் முயலைக் கூடையில் வைத்து எடுத்து வருவார். பல்லக்கைச் சுற்றி வந்து, பெருமாள் முன்னால் கூடையைத் திறப்பார். முயல் பாய்ந்து பாறைகளுக்குள் மறைந்துவிடும். அம்பை அது போகாத பக்கமாகப் பார்த்து எய்வார்கள். வேட்டை முடிந்தது.

அதற்குப் பிறகு நடப்பதுதான் பெரிய விஷயம். பெருமாளுக்குச் சாத்தியிருந்த துணியை எடுத்து முயல் கொண்டுவந்தவர் தலையில் பரிவட்டமாகக் கட்டுவார்கள். மாலை, தீர்த்தம், சடாரி எல்லாம் அவருக்குத்தான் முதலில். நிலபுலன் உள்ள குடும்பங்கள், கோயில் கமிட்டிக்காரர்கள், எல்லோரும் அவருக்குப் பின்னால்தான். வருடத்தின் மற்ற நாட்களில் அந்தக் குடியிருப்பிலிருந்து ஒருவர்கூடக் கொடிமரத்தைத் தாண்டி உள்ளே வந்து நான் பார்த்ததில்லை. யாரும் தடுத்தும் பார்த்ததில்லை. வரமாட்டார்கள், அவ்வளவுதான். ஏன் என்று நான் யோசித்ததும் இல்லை. இத்தனைக்கும் எங்களுடையது கோயில் குடும்பம். என் பெரியப்பாதான் அர்ச்சகர். பரிவட்டம் கட்டுகிற கை அவருடையது.

சின்ன வயதில் அந்த முயல் பாய்கிற கணத்துக்காகவே அப்பா தோளில் உட்கார்ந்து காத்திருப்பேன். காப்பகத்துக்குப் போய் வந்த பிறகு எனக்கு வேறு தெரிந்தது. கூடையைத் திறக்கும்போது அதன் விலா அடித்துக்கொள்வது தெரிந்தது. காட்டு முயலைப் பிடிப்பது குற்றம். காப்புக்காட்டுக்குள் கண்ணி வைப்பது அதைவிடக் குற்றம். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இதை இன்றைக்கும் நான் மாற்றிச் சொல்லமாட்டேன். முயல் விஷயத்தில் நான் சொன்னது சரி. வெட்கம் அதில் இல்லை.

எங்கள் மலைக்கு நேர் எதிரே இன்னொரு குன்று இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அது காப்புக்காடு இல்லை என்பதால் கல்குவாரிக்கு விட்டுவிட்டார்கள். கிரஷர் ஓடுகிறது. மத்தியானம் வெடி வைத்தால் எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசும். வெடிச் சத்தத்துக்கு எங்கள் மலைக் கௌதாரிகள் மொத்தமாக எழும்பிப் பறப்பதை நானே பார்த்து எழுதி வைத்திருக்கிறேன். கல்லூரித் தோழி ஒருத்தி, "இதுக்கு முதல்ல கலெக்டர்கிட்ட மனு கொடுடி" என்றாள். பார்க்கலாம் என்றேன். அந்தக் கிரஷர் முதலாளிதான் மலையடி மண்டபத்துக்குக் கான்கிரீட் கூரை போட்டுக் கொடுத்தவர். அவர் கார் வந்து நின்றால் பெரியப்பா எழுந்து நிற்பார். அவரை எதிர்க்க எனக்குத் தைரியம் இல்லை. முயல் பிடிக்கிறவரை எதிர்க்கத் தைரியம் தேவைப்படவே இல்லை. இந்த இரண்டையும் அப்போது நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

மார்கழியில் ஒருநாள், போனில் சட்டப் பிரிவை எடுத்து வைத்துக்கொண்டு பெரியப்பாவிடம் போனேன். பெரிய சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். மடப்பள்ளிப் புளியோதரையில் ஒரு மிளகு கூடினாலும் வழக்கம் கெட்டுவிட்டது என்று குதிக்கிற மனிதர் அவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "சரியாத்தான் சொல்றே. சட்டம்னு ஒண்ணு இருக்கோன்னோ" என்றார். நாலைந்து பேர் கொண்ட கமிட்டியை அன்று சாயங்காலமே கூட்டினார். என்னையும் கூப்பிட்டார்கள். காபி ஆறுவதற்குள் முடிவாகிவிட்டது. முயல் கிடையாது.

முயல் இல்லாமல் வேட்டை எப்படி என்று ஒருவர் இழுத்தார். அதற்கும் நான்தான் யோசனை சொன்னேன். அரிசி மாவும் வெல்லமும் பிசைந்து ஒரு முயல் பண்ணலாம், கண்ணுக்கு மிளகு வைக்கலாம், வேட்டை முடிந்ததும் எல்லோருக்கும் பிரசாதமாகக் கொடுத்துவிடலாம். "குழந்தை எப்படி யோசிக்கறா பாருங்கோ" என்றார்கள். எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் நண்பர்களுக்கு எல்லாம் மூச்சு வாங்க வாங்க வாய்ஸ் மெசேஜ் போட்டேன். வனத்துறையில் எங்கள் பகுதிக்கு உள்ள வனவருக்கும் சொன்னேன். தானே நேரில் வருவதாகவும், இனிமேல் மலைப்பக்கம் ஒழுங்காக ரோந்து வருவதாகவும் சொன்னார். "ரொம்ப நல்ல காரியம் மேடம்" என்றார். மேடம் என்று என்னை அதற்கு முன்னால் யாரும் கூப்பிட்டதில்லை.

கோயிலில் ஒரு பல்பு மாற்றவே ஒரு மாதம் பேசுகிறவர்கள், இதை மட்டும் ஏன் இவ்வளவு வேகமாக ஒப்புக்கொண்டார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

முயல் பிடிக்கும் குடும்பத்துக்கு யார் சொல்வது? நான் போகிறேன் என்றேன். அதுவரைக்கும் முயல் கொண்டுவந்தவர் அந்த மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துபோயிருந்தார். அந்த வருடம் அவர் தம்பியின் முறை. நாற்பது வயது இருக்கும். எங்கள் பெரியப்பா வயலுக்கு வரப்பு வெட்டவும் எலி பிடிக்கவும் கூலிக்கு வருகிறவர். எங்கள் வீட்டில் எல்லோரும் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். என்னைவிடச் சின்னவனான பெரியப்பா பையன்கூட ஒருமையில்தான் பேசுவான். நான் மட்டும் அன்று அண்ணா என்று கூப்பிட்டேன். அதற்காகவே என்னை நானே கொஞ்சம் மெச்சிக்கொண்டேன்.

அவர் வீட்டு வாசலில் டிவிஎஸ் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஏரி மீனை அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. முந்தானையால் துடைத்துப் போட்டார்கள். நான் உட்கார்ந்து, அவர்களை நிற்க வைத்து, வனவிலங்குப் பாதுகாப்பைப் பற்றி ஒரு வகுப்பே எடுத்தேன்.

அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப முயலு வாணாம்" என்றார்.

"வேண்டாம் அண்ணா."

"நல்லதா போச்சி பாப்பா. எங்கண்ணன் ஒவ்வொரு தபாவும் அதுக்காக அலையோ அலைன்னு அலைவான். கெடச்சாலும் பேஜாரு, சாமிகிட்ட போற வரைக்கும் சாவாம பாத்துக்கணும். நானு எங்க போயி புடிக்கிறதுன்னு கவலப்பட்டுக்கினு இருந்தேன்."

"யாரு, இந்தாளா கவலப்பட்டாரு?" என்று மீன் சட்டிக்குள்ளிருந்து நிமிராமலே சொன்னாள் அவர் மனைவி. "போன வாரமே வேட்டி எடுத்தாச்சி. முயலு இன்னும் மலையில கீது, வேட்டி மட்டும் வூட்ல கீது."

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். அவளைச் சும்மா இருக்கச் சொன்னார். வண்டித் துணியை உதறி மடித்தார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"முயலு இல்லன்னாலும் நானு வர்லாமில்ல பாப்பா? பரிவட்டம் உண்டில்ல?"

"அதுக்கென்ன அண்ணா. மாவு முயலை நீங்கதான் கொண்டுவரணும். பரிவட்டம் உங்களுக்குத்தான்."

அதை எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. யாரிடமும் நான் கேட்கவும் இல்லை. முயல்தானே மாறுகிறது, மற்றதெல்லாம் அப்படியே இருக்கும் என்று எனக்கு அவ்வளவு சாதாரணமாகத் தோன்றிவிட்டது. "போச்சி, இனிமே இந்தாளு தலயில தண்ணி கூட ஊத்த உடமாட்டாரு" என்றாள் அவள். மூன்று பேரும் சிரித்தோம். கிளம்பும்போது நாலு கெண்டை மீனைத் தாமரை இலையில் கட்டிக் கொடுக்க வந்து, எங்கள் வீட்டில் சாப்பிடமாட்டார்கள் என்று ஞாபகம் வந்து அவளே நிறுத்திக்கொண்டாள்.

பெரியப்பாவிடம் அன்று சாயங்காலம் பேச்சுவாக்கில்தான் ஆரம்பித்தேன். மாவு முயலை எந்தத் தட்டில் வைத்து அவர் கையில் கொடுப்பது என்று கேட்டேன். பெரியப்பா பூ தொடுத்துக்கொண்டிருந்தார்.

"யார் கையில?"

சொன்னேன்.

"முயலே கிடையாதுன்னா முயல் கொண்டு வர்றவன் எதுக்கு?" என்றார். கோபமே இல்லை. கணக்கு வாத்தியார் விடை சொல்வது மாதிரி சொன்னார். "மாவு முயல் மடப்பள்ளியில பண்றது. பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணி எல்லாரும் சாப்பிடற வஸ்து. அதை அவன் எப்படித் தொடறது?"

மடப்பள்ளிக்குள் யார் கை படலாம், யார் கை படக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? மாதத்தில் சில நாள் என்னையே அந்தப் பக்கம் விடாத வீடு இது. உயிருள்ள முயல் யார் கையிலிருந்தும் வரலாம். அதைச் சாப்பிடப் போவதில்லை. அதனால்தான் இத்தனை காலம் அது அவர்கள் கையிலிருந்தே வந்திருக்கிறது. நான் அதைச் சாப்பிடுகிற பண்டமாக மாற்றிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் உள்ளே வருவதற்கு இருந்த ஒரே வாசலை மாவு பிசைந்து அடைத்துவிட்டேன்.

பரிவட்டம் யாருக்கு என்று கேட்டேன். மண்டபத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தவருக்கு என்றார். அன்றைய கூட்டத்திலேயே பேசியாகிவிட்டதாம், நான் காபி குடித்துவிட்டுக் கிளம்பிய பிறகு. "எத்தனை வருஷமா இதை எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிண்டிருந்தோம் தெரியுமோ? வழக்கத்தை நாமளா மாத்தினா ஊர் பேசும். சட்டம்னா யார் பேசுவா? நீதான் வழி காட்டினே." தொடுத்த சரத்திலிருந்து ஒரு துண்டு நறுக்கி, தலையில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். நான் அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்ற வாக்கியம் வாய் வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை.

பொங்கலுக்கு இன்னும் நாள் இருந்தது. போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஏரி மதகு வரைக்கும் போனேன். தண்ணீரில் கூழைக்கடாக்கள் இறங்கியிருந்தன. பைனாகுலரை எடுத்தேன். எண்ணினேன், போனில் ஏற்றினேன், திரும்பி வந்துவிட்டேன். மறுநாளும் அதே மதகு வரைக்கும்தான் போனேன். அவர்களாகவே யார் மூலமாவது கேள்விப்பட்டுவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

காணும் பொங்கலுக்கு மண்டபத்தில் நல்ல கூட்டம். உத்திரமேரூரிலிருந்துகூட வந்திருந்தார்கள். வனவர் யூனிஃபார்மில் வந்து எனக்குக் கை கூப்பினார். மாவு முயல் உண்மையிலேயே அழகாக வந்திருந்தது. காது ரெண்டும் விறைத்துக்கொண்டு, மிளகுக் கண்ணோடு, வாழை இலையில் உட்கார்ந்திருந்தது. எல்லோரும் அதைப் படம் எடுத்தார்கள். கிரஷர் முதலாளி பட்டுக்கரை வேட்டியோடு பல்லக்குக்கு முன்னால் நின்றார். நான் கேமராவும் கையுமாகப் பல்லக்கை ஒட்டி நின்றேன்.

ஏரிப்பக்கத்து வரப்பில் அவர் வந்துகொண்டிருந்தார். புது வேட்டி, நெற்றியில் நாமம். கையில் அந்தக் கூடை. முயல் இல்லாவிட்டாலும் கூடையில்லாமல் வர அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. விளிம்பில் சாமந்திப்பூ சுற்றியிருந்தது. பின்னால் அவர் மனைவி, அவர்கள் சொந்தக்காரர்கள், குடியிருப்பே நல்ல துணி உடுத்திக்கொண்டு.

மண்டபத்துப் படியில் நின்றிருந்த ஓர் ஆள் அவரை மறித்தான். அங்கேயே நில் என்றான். இந்த வருடம் முயல் கிடையாது, தெரியாதா என்றான்.

"தெரியும் சார்," என்றார் அவர், சிரிப்பு மாறாமல். "பாப்பா வூட்டுக்கே வந்து சொன்னாங்க. முயலு வாணாம், பரிவட்டம் உண்டுன்னு அவங்கதான் சொன்னாங்க."

கண்ணால் என்னைத் தேடினார். பார்த்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது. விரலை நீட்டவில்லை. உள்ளங்கையை விரித்து, மரியாதையாக என் பக்கம் காட்டினார். மேளம் நின்றிருந்தது. கையில் பரிவட்டத் துணியோடு பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ சொன்னியாடி?"

அப்பா பார்த்தார். வனவர் பார்த்தார். கிரஷர் முதலாளி அப்போதுதான் என்னை முதல்முறையாகப் பார்த்தார்.

"கேட்டுப் பாக்கறேன்னுதான் சொன்னேன்" என்றேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபப்படவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றார். நான் அப்படித்தான் சொன்னேனோ, தனக்குத்தான் தப்பாகக் காதில் விழுந்ததோ என்று ஞாபகப்படுத்திப் பார்க்கிறார் என்று புரிந்தது. என் பேச்சைவிடத் தன் காதைச் சந்தேகப்பட்டார். அவர் மனைவிக்கு அந்தச் சந்தேகம் இல்லை.

"நாற்காலி போட்டு ஒக்கார வெச்சமே பாப்பா," என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "அதுல ஒக்காந்துகினுதானே சொன்னீங்க."

யாரோ மேளக்காரருக்குச் சைகை காட்டினார்கள். மேளம் எழுந்தது. பெரியப்பா கிரஷர் முதலாளி தலையில் பரிவட்டத்தைக் கட்டினார். கூடையோடு நின்றவர் திரும்பித் தன் ஜனங்களிடம், "வாங்க, வாங்க, வெயிலு ஏறுது" என்றார், வெயிலுக்காகத்தான் போகிற மாதிரி. அவர்களில் ஒரு பையன் ஏதோ சொல்ல, இன்னொருவன் சிரித்தான். வரப்பில் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள்.

மாவு முயலை விண்டு எல்லோருக்கும் கொடுத்தார்கள். யோசனை சொன்னவள் என்பதால் எனக்கு ஒரு காது கிடைத்தது. கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

படம் பல குழுக்களில் சுற்றியது. முகம் தெரியாதவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். வன உயிரின வாரத்தில் ஒரு பள்ளிக்கூட மேடையில் ஏற்றி எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், தன்னடக்கம் என்றார்கள். வனவர் சொன்னபடி ரோந்தும் வந்தது. எல்லைக் கல்லில் காய்ந்த துணி போனது. குடியிருப்புப் பெண்கள் சுள்ளி பொறுக்கவும் களாப்பழம் பறிக்கவும் மலைக்குப் போவது நின்றது. எதிர்க் குன்றுக்கு ரோந்து கிடையாது. அது காப்புக்காடு இல்லையே. மலைக்குப் போக முடியாதவர்கள் ஒவ்வொருவராக அந்தக் குன்றை உடைக்கிற வேலைக்குப் போனார்கள். அவரும் போனார். பெரியப்பா வயலுக்கு அவர் பிறகு வரவே இல்லை. எலி ஜாஸ்தியாகிவிட்டது என்று பெரியப்பா குறைப்பட்டுக்கொண்டார்.

இந்த வருடம் பொங்கலுக்கு முன்னால் கமிட்டி கூடியபோது மறுபடியும் என்னைக் கூப்பிட்டார்கள். மாவு முயலை இன்னும் பெரிதாகப் பண்ணலாமா என்று கேட்கத்தான். நான் அவர் பேச்சை எடுத்தேன். பரிவட்டத்தைத் திரும்ப அவருக்கே கட்டவேண்டும் என்று சொல்லத்தான் போனேன். அத்தனை முகங்களையும் பார்த்ததும், அவருக்கும் ஏதாவது மரியாதை செய்தால் நன்றாக இருக்கும் என்று என் வாய் சொன்னது. செய்யலாமே என்றார்கள். வேட்டை முடிந்த பிறகு கரண்ட் ஆபீஸ்காரருக்கும் பந்தல்காரருக்கும் சால்வை போர்த்தும்போது அவருக்கும் ஒன்று. அடுத்தது ஸ்பீக்கர் செட் விஷயம்.

அதை ஒரு வெற்றி மாதிரி எடுத்துக்கொண்டு போனேன் என்பதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. குடியிருப்புக்குப் போகவில்லை. ஒருநாள் நானும் பஸ்ஸுக்கு நின்றபோது, ஸ்டாப்பில் பார்த்துச் சொன்னேன். கிரஷர் வேலைக்குக் கிளம்பி நின்றிருந்தார். துவைத்தும் போகாமல் சட்டை மடிப்புகளில் கல் மாவு வெள்ளையாகப் படிந்திருந்தது. கையில் சாப்பாட்டுத் தூக்கு. நான் கமிட்டி, சால்வை என்று வேகவேகமாகச் சொல்லி முடித்தேன்.

"சால்வ இன்னாத்துக்கு பாப்பா?" என்றார். சிரித்த முகம்தான். "அன்னிக்கி, ஆமா நாந்தான் சொன்னேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா போதும். பரிவட்டம் அந்தாளுக்கே கட்டட்டும், நானு ஒயுங்கா வூட்டுக்குப் போயிருப்பேன். எங்க சனம் இன்னிக்கி வரைக்கும் கிண்டல் பண்ணிக்கினு கீது. யாரும் கூப்புடாம நீயா வேட்டி கட்டிக்கினு போயி நின்னியேன்னு."

நான் அவர்களிடம் வந்து நடந்ததைச் சொல்கிறேன் என்றேன். இன்றைக்கே வருகிறேன் என்றேன்.

"வாணாம். நீங்க வந்து சொன்னீங்கன்னா, இவன் போயி கெஞ்சி இட்டாந்துகிறான்னு அதுக்கும் சிரிப்பாங்க."

பஸ் வந்து நின்றது. அவர்தான் முன்னால் நின்றிருந்தார். படியை விட்டு ஒதுங்கிக்கொண்டு, தூக்கை அடுத்த கைக்கு மாற்றினார்.

"ஏறுங்க பாப்பா. நீங்க மொதல்ல."

ஏறினேன்.